அம்மாவால் இனி அடுப்படியில் நிற்க முடியாது: கிறிஸ்துமஸில் எதை விடலாம், எதை விடக்கூடாது?

செக்காலைக்காரன் | டிசம்பர் 7, இரவு 9.40

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

எங்கள் வீடு காரைக்குடியில். நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் சென்னையில் இருக்கிறோம். வருடா வருடம் 23ஆம் தேதி பல்லவனில் ஏறி, ராத்திரி பத்தரை வாக்கில் இறங்கி, வீட்டுக்குள் கால் வைக்கும்போதே வெல்லப்பாகும் ஏலக்காயும் மணக்கும். எனக்குக் கிறிஸ்துமஸ் என்றால் அந்த மணம்தான். கோவில் மணியெல்லாம் அப்புறம்.

அம்மாவுக்கு இப்போது 78. இரண்டு முழங்காலும் ஓய்ந்துவிட்டன. போன வாரம் போனில், "வர்றப்ப கடையில ஏதாச்சும் வாங்கிட்டு வந்துருங்கப்பா" என்றார். கடைப் பலகாரத்தை வாசற்படி தாண்ட விடாத மனுஷி அவர். அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

எங்கள் வீட்டு வழக்கம் இதுதான்: அதிரசம், சீப்புச் சீடை, அச்சு முறுக்கு. மூங்கில் நட்சத்திரம். குடில். நடுச்சாமப் பூசை. பூசை முடிந்து வந்ததும் இட்லியும் கறிக்குழம்பும். இதையெல்லாம் நானும் மனைவியும் இரண்டு நாளில் செய்து முடிக்க முடியாது. எதை விடலாம்? உங்கள் வீட்டில் எது நின்றுபோனது? நின்ற பிறகு வருத்தப்பட்டீர்களா?

---

மதுரைமல்லி | டிசம்பர் 7, இரவு 10.05

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டு கிலோ பிளம் கேக் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளும் அதைத்தான் சாப்பிடும். அதிரசம் ஆளுக்கு ஒன்று கடித்துவிட்டு டப்பாவில் கிடக்கும். பொங்கல் வரைக்கும் கிடக்கும். அனுபவத்தில் சொல்கிறேன்.

---

கேள்விக்குறி | டிசம்பர் 7, இரவு 10.31

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். செட்டிநாடு என்றால் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஒன்பது நகரக் கோவில்கள். அங்கே கிறிஸ்துமஸ் பாரம்பரியம் என்று தனியாக என்ன இருக்கப்போகிறது? கன்னியாகுமரி, தூத்துக்குடி என்றால் புரிகிறது.

---

உபதேசியார் பேரன் | டிசம்பர் 8, காலை 6.15

கேள்விக்குறி தம்பி, தேவகோட்டையிலிருந்து கிழக்கே ஒரு பஸ் ஏறினால் ஓரியூர் வந்துவிடும். அருளானந்தர் என்று நம் ஊர் பெயர் வைத்துக்கொண்ட போர்த்துக்கீசியச் சாமியார், ஜான் டி பிரிட்டோ, 1693 பிப்ரவரி 4 அன்று அங்கேதான் தலை வெட்டப்பட்டுச் செத்தார். கிழவன் சேதுபதி காலம் அது. அந்த மண் சிவப்பாக இருப்பதற்கு அவர் ரத்தம்தான் காரணம் என்று இன்றைக்கும் சனங்கள் ஒரு பிடி அள்ளி முடிந்துகொண்டு போகிறார்கள். புனிதர் பட்டம் 1947இல் வந்தது. பட்டம் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்னாலேயே எங்கள் பக்கம் வீட்டுக்கு ஓர் அருளானந்து உண்டு. சருகணிக்குப் போனால், கோவில் தேர் மருது பாண்டியர் கொடுத்தது என்பார்கள். அந்தப் பக்கம் இடைக்காட்டூர் கோவில் 1894இல் எழும்பியது. பிரான்சு தேசத்து ரான்ஸ் பேராலயத்தைப் பார்த்துக் கட்டியது. வைகைக் கரை வயல்காட்டு நடுவில் அப்படி ஒரு கோவில் நிற்கும் என்று போகிறவன் எதிர்பார்க்க மாட்டான். சிவகங்கைக்குத் தனி மறைமாவட்டம் வந்ததுதான் பிந்தி, 1987இல்.

ஆக, நாங்கள் நேற்று வந்த கூட்டம் இல்லை. அரண்மனை மாதிரி வீடுகளுக்கு நடுவில் ஓட்டு வீடுகளில் இருந்ததால் சுற்றுலாப் படத்தில் விழுவதில்லை, அவ்வளவுதான்.

என் தாத்தா உபதேசியார். சாமியார் இல்லாத கிளைக் கிராமங்களில் செபம் சொல்லிக்கொடுப்பவர். லத்தீன் பூசைக் காலத்து ஆள். "சாமியார் சொல்றது நமக்கு விளங்காது, நாம சொல்றது சாமியாருக்கு விளங்காது, ரெண்டு பேரு சொல்றதும் சேசுவுக்கு விளங்கும்" என்பார். ரோமில் திருச்சபைப் பெரியவர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு தமிழில் பூசை வந்தபோது அவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நடுச்சாமப் பூசையில் மட்டும் லத்தீன் பாட்டைப் பிடிவாதமாகத் தனியாக முணுமுணுத்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் நின்ற எனக்குக் கூச்சமாக இருக்கும். இப்போது அந்த முணுமுணுப்பைக் கேட்க ஆசையாக இருக்கிறது. வார்த்தை ஒன்றும் நினைவில் இல்லை.

செக்காலைக்காரன் தம்பிக்கு: பூசையை விடாதீர்கள். மற்றதெல்லாம் உங்கள் சௌகரியம்.

---

புதுவயல் பேத்தி | டிசம்பர் 8, காலை 11.20

குடிலை விடாதீர்கள் என்பேன் நான். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

எங்கள் அப்பத்தா டிசம்பர் 10ஆம் தேதி போல மண்சட்டி ஓடுகளில் கேழ்வரகு விதைத்துவிடுவார். இருட்டு அறையில் வைத்துத் தண்ணீர் தெளிக்கத் தெளிக்க, 24க்குள் விரல் நீளப் பச்சை நிற்கும். அதுதான் பெத்லகேம் வயல். மலைக்கு சிமெண்டுச் சாக்குத் தாள். கசக்கி, கரியும் காவியும் கலந்து பூசி, மேலே சுண்ணாம்பைத் தெளித்தால் பாறை மாதிரியே இருக்கும். ஒட்டகங்களில் ஒன்றுக்கு மூன்று கால்தான். அதை எப்போதும் மலைக்குப் பின்னால் ஒளித்து வைப்போம்.

மாதா, சூசையப்பர், இடையர், மாடு எல்லாரும் முதலிலேயே வந்துவிடுவார்கள். பாலன் மட்டும் வரக்கூடாது. பிறக்காத பிள்ளையை எப்படிப் படுக்க வைப்பது? பூசை முடிந்து வந்து அப்பத்தாதான் தன் கையால் வைப்பார். அதுவரை பாலனை எங்கே வைத்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. பேரன் பேத்திகள் நாங்கள் ஒன்பது பேரும் டிசம்பர் முழுக்கத் தேடுவோம். உத்தரத்துக்கு மேலே, ஐயாவின் டிரங்குப் பெட்டி, கோழிக் கூடு. ஒரு தடவைகூடக் கண்டுபிடித்ததில்லை.

2011இல் அப்பத்தாவுக்கு ஞாபகம் தடுமாற ஆரம்பித்திருந்தது. பூசை முடிந்து வந்தோம். "பாலனை எடுத்துட்டு வாங்க அப்பத்தா" என்றோம். எழுந்து உள்ளே போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். அப்புறம் நடுவீட்டில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். "புள்ளைய எங்க போட்டேன்னு தெரியலையே" என்று. கைப்பிள்ளையைத் தொலைத்த தாய் அழுகிற மாதிரி. எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் சித்தப்பா பேசாமல் அலமாரியைத் திறந்து, அப்பத்தா சின்ன வயதில் வைத்து விளையாடிய மரப்பாச்சியை எடுத்து, தன் வெள்ளைத் துண்டின் ஓரத்தைக் கிழித்துச் சுற்றி வைக்கோலில் படுக்க வைத்தார். கருப்பு மரப்பாச்சி. மூக்கு தேய்ந்து போனது. அப்பத்தா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என் சாடைதான்" என்றார். எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பாலன் கிடைத்தது தைப் பொங்கல் அன்று. பச்சரிசிப் பானையின் அடியில். அம்மா உழக்கை விட்டு அள்ளும்போது 'ணங்' என்றது.

அப்பத்தா போய் எட்டு வருடம் ஆகிறது. இப்போதும் எங்கள் குடிலில் இரண்டு பேர் படுக்கிறார்கள், பாலனும் மரப்பாச்சியும். பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லியே வாய் வலிக்கும்.

---

கேள்விக்குறி | டிசம்பர் 8, மதியம் 12.02

உபதேசியார் பேரன் ஐயா, தெரியாமல் கேட்டதற்கு மன்னிக்கவும். குடில் வைப்பது நம் கொலு, முளைப்பாரி எல்லாவற்றையும் பார்த்து இங்கே வந்த பழக்கம்தானே?

---

உபதேசியார் பேரன் | டிசம்பர் 8, மதியம் 12.40

மன்னிப்பெல்லாம் எதற்கு. கேட்டால்தானே தெரியும்.

குடில் இங்கே பிறந்தது இல்லை. 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ், தீவனத் தொட்டியும் வைக்கோலும், உயிரோடு ஒரு மாடும் கழுதையும் வைத்து நடத்தியதிலிருந்து பரவியது. ஆனால் அந்தக் கேழ்வரகுப் பச்சை சந்தேகமில்லாமல் நம்முடையதுதான். கிராமத்துப் பொம்பளைகளுக்கு முளை போடாமல் எது திருவிழா?

---

ஓட்டு வீடு | டிசம்பர் 8, இரவு 8.15

நட்சத்திரம் பற்றி ஒருவரும் பேசவில்லையே. எல்லாரும் மடக்கு நட்சத்திரம், சீரியல் லைட் என்று போய்விட்டீர்களா?

மூங்கில் நட்சத்திரத்துக்கு ஆகிற செலவு அப்போது பத்து ரூபாய்கூட இல்லை. மூங்கிலைச் சிம்பாகப் பிளந்து, ஐந்து முனை வருகிற மாதிரி இரண்டு சட்டம் கட்ட வேண்டும். இரண்டையும் முனைகளில் சேர்த்துக் கட்டி, உள்மூலை ஐந்திலும் நான்கு விரல் நீளக் குச்சியை முட்டுக் கொடுத்தால் வயிறு புடைத்துக்கொண்டு நிற்கும். முட்டு ஒரே அளவாக இல்லாவிட்டால் நட்சத்திரம் ஒரு பக்கமாகக் கோணும். எங்கள் தெருவில் கோணாத நட்சத்திரம் ஒன்றுகூடக் கிடையாது என்பது வேறு விஷயம். மைதாப் பசை காய்ச்சும்போது கொஞ்சம் மயில்துத்தம் போடுவோம். இல்லாவிட்டால் பூச்சியும் கரப்பானும் தின்றுவிடும். சிவப்புக் கண்ணாடித் தாள், நடுவில் மஞ்சள். உள்ளே 40 வாட் குண்டு பல்பு. கலர்த் தாளில் செய்கிறவர்கள் நம் ஊர் டிசம்பர் மழைக்கு அனுபவிப்பார்கள். சுவரெல்லாம் சாயம்.

எங்கள் வீட்டில் நட்சத்திரம் கட்டாத வருடம் ஒன்றே ஒன்று, 1964. டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிப் புயல். அப்பாவுக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் ஊரிலேயே மரங்கள் சாய்ந்து கிடந்தனவாம். அப்பாவின் பெரியப்பா பாம்பனில் வேலையில் இருந்தார். ரயில் அப்படியே கடலுக்குள் போய்விட்டது என்று செய்தி வந்ததும் வீட்டில் உலை வைக்கவில்லை. 24 அன்று சாயங்காலம் பூசைக்குப் போவதா வேண்டாமா என்று ஐயா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், பெரியப்பா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நடந்தே வந்துவிட்டார். பாதி வழி லாரி, மீதி நடை. கால் இரண்டும் வெந்த மாதிரி இருந்ததாம். அந்த ராத்திரி இருட்டில், நட்சத்திரம் இல்லாமல், பலகாரம் இல்லாமல், வெறும் கஞ்சி குடித்துவிட்டுப் பூசைக்குப் போனதுதான் தன் வாழ்க்கையிலேயே நல்ல கிறிஸ்துமஸ் என்று அப்பா சொல்வார். வருடா வருடம் சொல்வார். சொல்லி முடித்ததும், "சரி, சிம்பு எங்கே?" என்பார்.

---

சிக்ரி குவார்ட்டர்ஸ் | டிசம்பர் 8, இரவு 9.50

நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் சிக்ரி குவார்ட்டர்ஸில். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த மின்வேதியியல் ஆய்வகம் அது. எல்லா மாநிலத்து ஆட்களும் வந்து குடியேறியதால் எங்கள் லைனில் ஒரு பக்கம் வங்காளி, ஒரு பக்கம் மலையாளி. அந்த மலையாளி ஆன்ட்டி அக்டோபரிலேயே உலர்ந்த திராட்சையையும் செர்ரியையும் ரம்மில் ஊறப்போட்டு, பாட்டிலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். நாங்கள் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் புகுந்து ஆளுக்கு நான்கு திராட்சை. ஒரு தடவை என் தம்பி நாலோடு நிறுத்தவில்லை. கேரல் பாடப் போன இடத்தில் தூங்கி விழுந்தான். அப்பாவுக்கு இன்று வரை காரணம் தெரியாது.

கேரல் என்றதும் இன்னொன்று. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு வயிறாகக் கட்டிய தலையணை நடுத்தெருவில் அவிழ்ந்து விழாத கேரல் பவனியை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

---

கொழும்புப் பேத்தி | டிசம்பர் 9, காலை 7.30

கேக் என்றால் நம் ஊருக்கு அந்நியம் என்பது போல் பேசுகிறீர்கள். எங்கள் ஆயா, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரைத் திருப்பி அனுப்பிய சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டுத் தேவகோட்டைக்கு வந்தார்கள். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு தையல் மெஷின், ஒரு லவ் கேக் தட்டு. அந்தத் தட்டு இன்னும் எங்களிடம் இருக்கிறது.

லவ் கேக்கில் மைதா கிடையாது, ரவை. முந்திரி, வெண்ணெய், சீனி, ஏகப்பட்ட மஞ்சள் கரு, தேன், பன்னீர், பட்டை, ஏலம், சாதிக்காய். முக்கியமாகப் பூசணி மிட்டாய். அங்கே புஹுல் தோசி என்பார்கள். இங்கே அது கிடைக்காததால் ஆயா நீர்ப்பூசணியைத் தானே நறுக்கிச் சீனிப்பாகில் காய்ச்சினார். ஓவன் எல்லாம் ஏது? அலுமினியச் சட்டியில் இரண்டு விரல் உயரம் மணலைப் போட்டுச் சூடேற்றி, தட்டை உள்ளே இறக்கி, மூடி மேல் தணல். மேலே தீயாமல் இருக்கக் காக்கித் தாள். பொறுமையாக இரண்டு மணி நேரம். வாசம் தெருக்கோடி வரை போகும்.

அக்கம்பக்கத்தில் அகதி வீடு, சிலோன்காரன் வீடு என்று பெயர். அந்த வாசத்துக்கு அப்புறம் "கேக் வீடு" ஆகிவிட்டது. எங்கள் முகவரியே இப்போதும் அதுதான், ஆட்டோக்காரரிடம் சொன்னால் இறக்கிவிடுவார்.

மதுரைமல்லி அக்கா சொல்வதைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். கேக் வாங்கலாம். ஆனால் கடையில் வாங்கியதில் எந்த வீட்டுக்கும் பெயர் கிடைக்காது.

---

கோட்டையூர் ஆச்சி | டிசம்பர் 9, மாலை 4.45

நான் இந்தப் பக்கத்தில் வாசிப்பதோடு சரி, எழுதியது இல்லை. நாங்கள் நகரத்தார் வீடு. ஆனாலும் இதில் எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பிள்ளையார் நோன்பு என்று ஒன்று உண்டு. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள். கப்பலில் போன செட்டிமக்கள் கரை தெரியாமல் தவித்தபோது நாளுக்கு ஒரு நூலாக வேட்டியிலிருந்து உருவி எண்ணிக்கொண்டு வந்தார்கள் என்று கதை. அதனால் கோடி வேட்டியிலிருந்து 21 இழை எடுத்துத் திரி செய்து, வெல்லமும் நெய்யும் சேர்த்த மாவில் பிள்ளையார் பிடித்து, அதன்மேல் வைத்து ஏற்றி, வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இழை எடுத்துக்கொள்வது என்போம். பெரும்பாலும் மார்கழியில் வரும். சில வருடம் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னே பின்னே.

எங்கள் எதிர்வீடு வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீடு. அந்த வீட்டுப் பையன் ஐந்து வயதில் முகப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, "எனக்கும் நெருப்பு வேணும்" என்று ஒரே அழுகை. எங்கள் ஐயா கூப்பிட்டு உட்கார வைத்து, அவனுக்கும் ஒரு பிள்ளையார் கொடுத்தார். அவன் அம்மா வந்து என்ன சொல்வாரோ என்று எங்களுக்குப் பயம். அந்த அம்மா, "வாய் சுட்டுச்சாடா?" என்று கேட்டதோடு சரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் வீட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கு அதிரசமும் சீடையும்தான் வரும். கேக் வந்ததே இல்லை. அவர்கள் கேக் சாப்பிடுவார்கள் என்று தெரியும், பேக்கரிப் பெட்டியைப் பார்த்திருக்கிறோம். ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. எங்கள் அப்பத்தா மார்கழியில் முட்டை சேர்க்க மாட்டார். கேக்கில் முட்டை. அதற்காகவே அந்த அம்மா ஒவ்வொரு வருடமும் அடுப்படியில் நின்று அதிரசம் சுட்டிருக்கிறார். அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

செக்காலைக்காரன் தம்பி, உங்கள் வீட்டு அதிரசம் யார் யார் வீட்டுக்குப் போகிறது என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். எதை விடுவது என்பது அப்புறம் தானாகத் தெரியும்.

---

செக்காலைக்காரன் | டிசம்பர் 9, இரவு 10.20

ஆச்சி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு உடனே போன் போட்டேன்.

எங்கள் எதிர்வீட்டிலும் ஓர் ஆச்சி இருக்கிறார். அம்மாவைவிட இரண்டு வயது மூத்தவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மங்குத் தூக்கு ஒன்று போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். வெள்ளை உடம்பு, நீல விளிம்பு, அடியில் பூச்சு உதிர்ந்து கருப்புத் திட்டு. ரங்கூனிலிருந்து வந்த சாமான் என்பார்கள். யார் வீட்டுத் தூக்கு என்று இரண்டு வீட்டிலும் இப்போது யாருக்கும் தெரியாது. ஒரு விதி மட்டும் உண்டு, வெறுமனே திரும்பக்கூடாது. கிறிஸ்துமஸுக்கு அதிரசம் போனால் கந்தரப்பம் வரும். பொங்கலுக்குப் பொங்கல் வந்தால் மாதா திருநாளுக்கு ஏதாவது போகும். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் அம்மா கொடுப்பார்.

அம்மாவிடம், "அதிரசம் இல்லாட்டி ஆச்சி வீட்டுக்கு என்ன குடுப்பீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதான் யோசிக்கிறேன்" என்றார். நான் என்னவோ பண்டிகைக்காகக் கவலைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே அச்சு முறுக்கும் சீடையும் இந்த வருடம் இல்லை. அதிரசம் மட்டும். மனைவிக்கும் எனக்கும் சுடத் தெரியாது. யாராவது சொல்லிக் கொடுங்கள்.

---

மதுரைமல்லி | டிசம்பர் 9, இரவு 10.48

சரி, கேக் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இதைக் கேளுங்கள்.

பச்சரிசி ஒரு கிலோ, வெல்லம் முக்கால் கிலோ. அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, வெயிலில் போடாமல் நிழலில் துணியில் பரப்புங்கள். கையில் பிடித்தால் ஈரம் தெரியவேண்டும், ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில் அரைத்துச் சலியுங்கள். முழுக்கக் காய்ந்த மாவில் அதிரசம் வராது. கடை மாவில் அறவே வராது.

பாகுதான் உயிர். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினால் மெத்தென்று உருள வேண்டும். கரைந்தால் பதம் முந்தி, அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும். கல் மாதிரி 'டக்' என்று விழுந்தால் பதம் பிந்தி, பல் போகும். அடுப்பை அணைத்துவிட்டு ஏலமும் சுக்கும் போட்டு மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளறுங்கள். மாவு முழுவதையும் கொட்டிவிடாதீர்கள், ஒரு கை எடுத்து வையுங்கள், இளகினால் உதவும். நெய் தடவி மூடி இரண்டு மூன்று நாள் புளிக்க விடவேண்டும்.

இதில் உங்களுக்கு ஒரு வசதி. மாவைச் சென்னையிலேயே 20ஆம் தேதி கிளறி, டப்பாவில் ரயிலில் கொண்டுபோய்விடலாம். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துப் பக்கத்தில் சுடுங்கள். தட்டுவதற்கு வாழையிலை, சின்னத் தீ, எடுத்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவில் அழுத்தி எண்ணெய் பிழிய வேண்டும்.

---

ஓட்டு வீடு | டிசம்பர் 9, இரவு 11.05

மழை வருடமாக இருந்தால் நிழலில் உலர்த்துவது திண்டாட்டம். ஃபேனுக்கு அடியில் போடுங்கள். சிம்பு வேண்டுமென்றால் சொல்லுங்கள், தேவகோட்டையிலிருந்து கொடுத்தனுப்புகிறேன்.

---

செக்காலைக்காரன் | டிசம்பர் 26, காலை 10.10

கேட்டவர்களுக்கு நடந்ததைச் சொல்லவேண்டும் அல்லவா.

மாவு டப்பா பல்லவனில் என் மடியிலேயே வந்தது. எதிர் சீட்டுக்காரர் மூன்று முறை என்ன வாசம் என்று கேட்டார். 24 காலையில் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து அடுப்பைப் பற்றவைத்தோம். முதல் ஆறும் எண்ணெயில் பிரிந்து பொடிப்பொடியாகப் போயின. மனைவி அழாத குறை. அம்மா நாற்காலியிலிருந்தே ஒரு துளி மாவைக் கேட்டு வாங்கி, கட்டைவிரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "பாகு முந்திருச்சு. அந்த எடுத்து வச்ச மாவப் போடு, அரை மணி விடு" என்றார். மதுரைமல்லி அக்கா, அந்த ஒரு கை மாவுக்கு உங்களுக்குக் கோடி நன்றி. அதற்குப் பிறகு சுட்டது நாற்பத்திரண்டு. வட்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் முழுசு.

ஓட்டு வீடு அண்ணே, உங்கள் சிம்பில் நட்சத்திரம் கட்டினோம். கோணல்தான்.

தூக்கில் பன்னிரண்டு வைத்து என் மகளிடம் கொடுத்தனுப்பினேன். அம்மா வாசல் வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். எதிர்வீட்டு ஆச்சி முகப்பில் உட்கார்ந்தபடியே மூடியைத் திறந்து பார்த்தார். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது உங்க அப்பத்தா கையி இல்லையே, யாரு சுட்டது?" என்று சத்தமாகவே கேட்டார். "எங்கம்மா" என்று இவள் கத்தினாள். "பரவாயில்ல, வேகுது" என்றார். செட்டிநாட்டில் முதல் வருடத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்று அம்மா சொல்கிறார்.

பூசைக்கு அம்மாவை வீல்சேரில் கொண்டுபோனோம். குளிர் நன்றாகவே இருந்தது. இட்லி ஓட்டலில் வாங்கியதுதான், கறிக்குழம்பு மட்டும் வீட்டில்.

தூக்கு இன்று காலையில் திரும்பி வந்தது. கந்தரப்பம்.

---

கோட்டையூர் ஆச்சி | டிசம்பர் 26, காலை 10.45

எத்தனை வந்தது?

---

செக்காலைக்காரன் | டிசம்பர் 26, காலை 11.00

எண்ணவில்லை ஆச்சி. காலைப் பலகாரத்துக்கு அதுதான் என்று எல்லாரும் எடுத்துவிட்டோம். நான்கு மிச்சம் இருந்தது, இப்போது பார்த்தால் அதையும் காணவில்லை. சின்னவள் எங்கேயோ ஒளித்துவிட்டாள், கேட்டால் சிரிக்கிறாள்.

---

புதுவயல் பேத்தி | டிசம்பர் 26, காலை 11.04

அரிசிப் பானையில் பாருங்கள்.